கனிமங்களை இனம் காண்பது எப்படி? கையில் உள்ள கல்லுக்குச் சரியான பெயரைக் கண்டறிய ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு கல்லைக் கையில் எடுத்ததும் பெரும்பாலோர் முதலில் பார்ப்பது அதன் நிறத்தைத்தான். இனம் காண்பதில் நேரும் தவறுகளும் பெரும்பாலும் அங்கேயே தொடங்குகின்றன. கற்களைச் சேகரிக்கத் தொடங்கிய காலத்தில், அழகான ஊதா நிறக் கல் ஒன்றைச் செவ்வந்திக்கல் என்று சீட்டெழுதிப் பல மாதங்கள் பெட்டியில் வைத்திருந்தேன். ஒரு நாள் அதன் ஓரத்தில் எஃகு ஊசியை வைத்து அழுத்தி இழுத்தபோது ஆழமான கோடு விழுந்தது. செவ்வந்திக்கல் என்பது குவார்ட்ஸின் ஊதா வகை. எஃகு ஊசியால் அதைக் கீற முடியாது. என்னிடம் இருந்தது ஃபுளோரைட். அந்த ஒரு கோட்டை முதல் நாளே இழுத்துப் பார்த்திருந்தால் சீட்டு சரியாக இருந்திருக்கும். கண்ணுக்குத் தெரியும் அழகை ஒதுக்கி வைத்து, கல்லின் உள்ளமைப்பைக் காட்டும் சோதனைகளை ஒழுங்காகச் செய்து, பொருந்தாத பெயர்களை ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டே செல்லும் முறையை இங்கே விரிவாக எழுதுகிறேன்.

கனிமம் என்பது எது, எது அல்ல

இயற்கையில் உருவான, திண்ம நிலையில் உள்ள, வரையறுக்கத்தக்க வேதியியல் இயைபு கொண்ட, அணுக்கள் ஒழுங்கான வரிசையில் அமைந்த பொருளே கனிமம்; பொதுவாக அது உயிரற்ற செயல்முறைகளால் உருவானதாகவும் இருக்க வேண்டும். இந்த வரையறையின் ஒவ்வொரு சொல்லுக்கும் வேலை இருக்கிறது. ஆய்வகத்தில் வளர்க்கப்பட்ட மாணிக்கம் இயற்கை மாணிக்கத்தின் அதே இயைபையும் அமைப்பையும் கொண்டிருந்தாலும், இயற்கையில் உருவாகாததால் கனிமம் ஆகாது. எரிமலைக் குழம்பு விரைந்து குளிர்ந்து உருவாகும் ஆப்சிடியன் இயற்கையானதே. ஆனால் அதன் அணுக்களுக்கு வரிசை ஒழுங்கு அமைய நேரம் கிடைக்கவில்லை, ஆகவே அது கண்ணாடி. ஓப்பலும் ஒழுங்கான படிக அமைப்பு இல்லாத காரணத்தால் கனிமத்தை ஒத்த பொருளாகவே வகைப்படுத்தப்படுகிறது. மாறாக, பனிப்பாறையில் உள்ள பனிக்கட்டி எல்லா நிபந்தனைகளையும் நிறைவு செய்யும் முறையான கனிமம். அறை வெப்பநிலையில் திரவமாக இருக்கும் பாதரசம் மரபு கருதி ஏற்கப்பட்ட விதிவிலக்கு.

வேதியியல் இயைபு மட்டும் ஒரு கனிமத்தைத் தீர்மானிப்பதில்லை என்பதற்கு வைரத்தையும் கிராஃபைட்டையும் விடச் சிறந்த சான்று கிடையாது. இரண்டும் கார்பன் மட்டுமே. ஒன்றில் ஒவ்வோர் அணுவும் நான்கு அண்டை அணுக்களுடன் எல்லாத் திசைகளிலும் வலுவாகப் பிணைந்திருக்கிறது. மற்றொன்றில் அணுக்கள் தாள் தாளாக அடுக்கப்பட்டு, தாள்களுக்கு இடையே மிக மெல்லிய பிணைப்பே உள்ளது. அதனால்தான் ஒன்று எதையும் கீறுகிறது, மற்றொன்று காகிதத்தில் உரசினாலே உதிர்ந்து எழுத்தாகிறது. நாம் செய்யப்போகும் சோதனைகளில் மிகுதியானவை, நேரில் காண முடியாத இந்த அணு அமைப்பை வெளியிலிருந்து வாசிக்கும் முயற்சிகளே.

பாறையும் கனிமமும் வேறு வேறு என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். பாறை என்பது பெரும்பாலும் பல கனிமங்கள் சேர்ந்த தொகுப்பு. கிரானைட் துண்டு ஒன்றை உற்றுப் பார்த்தால், சாம்பல் நிறக் கண்ணாடித் துணுக்குகள் போன்ற குவார்ட்ஸும், வெண்மையாகவோ இளஞ்சிவப்பாகவோ தட்டையான முகங்களுடன் மின்னும் ஃபெல்ட்ஸ்பாரும், கரும்புள்ளிகளாகச் சிதறிய மைக்காவும் தனித்தனியே தெரியும். எனவே, கையில் இருப்பது ஒரே கனிமமா, பலவற்றின் கலவையா என்பதே முதலில் விடை காண வேண்டிய கேள்வி. கலவை என்றால் ஒவ்வொரு துணுக்கையும் தனியாக எடுத்துச் சோதிக்க வேண்டும்.

சர்வதேச கனிமவியல் சங்கம் ஏற்றுள்ள கனிம இனங்கள் 6,000 அளவில் உள்ளன. இந்த எண் அச்சுறுத்த வேண்டியதில்லை. புவி மேலோட்டில் பாதிக்கும் மேற்பட்ட பகுதி ஃபெல்ட்ஸ்பார் குடும்பம் மட்டுமே. அத்துடன் குவார்ட்ஸ், மைக்கா, பைராக்சின், ஆம்பிபோல், ஆலிவின், கால்சைட், களிமண் கனிமங்கள், சில இரும்பு ஆக்சைடுகள் ஆகியவற்றைத் தெரிந்துகொண்டால், வழியில் கிடைக்கும் கற்களில் மிகப் பெரும்பாலானவற்றுக்குப் பெயர் சொல்லிவிடலாம்.

தேவையான கருவிகளும் கல்லைத் தயார் செய்தலும்

10 மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ், எஃகு ஊசி அல்லது பேனாக்கத்தி, சிறிய கண்ணாடித் துண்டு, மெருகிடாத வெள்ளைப் பீங்கான் தகடு, நல்ல காந்தம், கிராம் அளவில் துல்லியமாகக் காட்டும் மின்னணுத் தராசு, துளிக்குழாய் உள்ள புட்டியில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஆகியவை போதும். பீங்கான் தகடு கிடைக்காவிட்டால் தரை ஓட்டின் பின்புறத்தில் உள்ள மெருகற்ற பகுதி அதே வேலையைச் செய்யும். அமிலம் கையாளப் பழகாதவர்கள் வினிகரைக் கொண்டு தொடங்கலாம். அது மெதுவாக வேலை செய்யும், ஆனால் பொடியாக்கிய கால்சைட்டில் குமிழிகளைத் தெளிவாகவே காட்டும்.

கல்லைக் கழுவி உலர்த்திய பின், வானிலையால் சிதையாத புதிய முகம் ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். காற்றும் நீரும் பட்டுப் பழுத்த மேற்பரப்பு கனிமத்தின் உண்மையான மிளிர்வையும் கடினத்தன்மையையும் மறைத்துவிடும். இரும்பு கலந்த கனிமங்கள் துருவேறிப் பழுப்பாகும்; ஃபெல்ட்ஸ்பார் நாளடைவில் களிமண்ணாக மாறி, நகத்தாலேயே கீறும் அளவுக்கு மென்மையாகும். புதிய முகம் இல்லையென்றால், கண்பாதுகாப்புக் கண்ணாடி அணிந்து, துணியில் சுற்றி, ஓர் ஓரத்தை மட்டும் சுத்தியலால் தட்டி உடைக்க வேண்டும். இழையிழையாகப் பிரியும் கல்லை உடைக்கவோ தேய்க்கவோ கூடாது. அது கல்நார் வகையாக இருந்தால் அதன் நுண்ணிழைகள் நுரையீரலுக்குப் பெரும் கேடு. எந்தக் கல்லையும் நாவில் வைத்துச் சுவைக்கும் பழக்கமும் வேண்டாம்; ஈயம், ஆர்செனிக், பாதரசம் கொண்ட கனிமங்கள் பார்வைக்கு அப்படித் தெரிவதில்லை.

படி 1: மிளிர்வு

ஒளி கனிமத்தின் மேல் பட்டுத் திரும்பும் விதமே மிளிர்வு. முதலில் உலோக மிளிர்வா, அல்லவா என்று மட்டும் பிரித்துக்கொள்ளுங்கள்; இந்த ஒரு பிரிவே பட்டியலை வெகுவாகச் சுருக்கிவிடும். கலீனா (ஈயத்தின் தாது), பைரைட் (இரும்பும் கந்தகமும் சேர்ந்தது) போன்றவை தீட்டிய உலோகம் போல ஒளியைத் திருப்பும்; அவற்றின் மிக மெல்லிய விளிம்பில்கூட ஒளி ஊடுருவாது. உலோகமல்லாத மிளிர்வில் கண்ணாடி போன்றது, முத்துப் போன்றது, பட்டுப் போன்றது, பிசின் போன்றது, எண்ணெய் பூசியது போன்றது, மண் போல மங்கலானது எனப் பல வகை உண்டு. இந்த உட்பிரிவுகளில் தொடக்கத்தில் அதிக நேரம் செலவிட வேண்டியதில்லை. பல கற்களைப் பார்த்த பிறகு கண் தானாகவே பழகிவிடும்.

படி 2: கீற்று நிறம்

கனிமத்தைப் பீங்கான் தகட்டில் அழுத்தி இழுக்கும்போது விழும் பொடியின் நிறமே கீற்று நிறம். கல்லின் வெளி நிறம் எவ்வளவு மாறினாலும் பொடியின் நிறம் பெரும்பாலும் மாறாது. இரும்பின் மூன்று கனிமங்களை வைத்து இதைப் பாருங்கள். ஹேமடைட், மேக்னடைட், கோதைட் ஆகிய மூன்றும் கருமையாக, பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வேறுபாடு சொல்ல முடியாத துண்டுகளாகக் கிடைப்பதுண்டு. தகட்டில் ஒவ்வொன்றையும் ஒரு விரற்கடை அளவு இழுத்தால், ஹேமடைட் உலர்ந்த குருதி போன்ற செம்பழுப்புக் கோட்டையும், மேக்னடைட் கரிய கோட்டையும், கோதைட் மஞ்சட்பழுப்புக் கோட்டையும் விடும். வெள்ளியைப் போல் பளபளக்கும் ஹேமடைட் தகடானாலும், செம்மண் போன்ற ஹேமடைட் கட்டியானாலும், கீற்று செம்பழுப்புதான்.

பொன் என்று பலரை ஏமாற்றும் பைரைட்டையும் இதே சோதனை வெளிப்படுத்திவிடும். பொன் பொன்னிறக் கீற்றையே விடும். பைரைட்டின் கீற்று பசுமை கலந்த கருமை. ஆனால் பீங்கான் தகட்டின் கடினத்தன்மை (அடுத்த படியில் சொல்லும் 1 முதல் 10 வரையிலான அளவுகோலில்) ஏறத்தாழ 6.5 முதல் 7 வரை இருக்கும். அதைவிடக் கடினமான கனிமம் தகட்டைத்தான் கீறும், அப்போது விழும் வெள்ளைப் பொடி தகட்டினுடையது. மேலும் குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார், கால்சைட் என வெளிர் நிறக் கனிமங்கள் எல்லாமே வெள்ளைக் கீற்றைத் தருவதால், உலோக மிளிர்வு உள்ளவற்றிலும் அடர்நிறக் கனிமங்களிலுமே இச்சோதனை முழுப் பயன் தரும்.

படி 3: கடினத்தன்மை

ஃபிரீட்ரிக் மோஸ் 1812இல் வகுத்த அளவுகோல் இன்றும் மாறாமல் பயன்படுகிறது. மென்மையிலிருந்து தொடங்கி டால்க் 1, ஜிப்சம் 2, கால்சைட் 3, ஃபுளோரைட் 4, அபடைட் 5, ஆர்த்தோகிளேஸ் 6, குவார்ட்ஸ் 7, புஷ்பராகம் 8, குருந்தம் 9, வைரம் 10 என்று பத்துக் கனிமங்கள் வரிசைப்படுத்தப்பட்டுள்ளன. எண் கூடியது எண் குறைந்ததைக் கீறும். இது வரிசை எண்ணே தவிர, சம இடைவெளி கொண்ட அளவல்ல: குருந்தத்துக்கும் வைரத்துக்கும் இடையே உள்ள இடைவெளி, அதற்குக் கீழே உள்ள எந்த இரண்டு அடுத்தடுத்த எண்களுக்கு இடையிலானதையும் விட மிகப் பெரியது.

நடைமுறையில் நகம் ஏறத்தாழ 2.5, செப்புத் துண்டு 3, பேனாக்கத்தியும் சாதாரணக் கண்ணாடியும் 5.5 என்று கொண்டால் போதும். நகம் கீறுமா, கத்தி கீறுமா, கல் கண்ணாடியைக் கீறுமா என்ற மூன்று கேள்விகளுக்கு விடை கிடைத்தால் கல் எந்தப் பகுதியில் நிற்கிறது என்பது தெரிந்துவிடும். கீறிய பின் அந்த இடத்தை ஈர விரலால் துடைத்து, லென்ஸ் வைத்துப் பார்க்க வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கடினமான கல்லின் மேல் கத்தியை இழுத்தால், தேய்வது கத்திதான். அது விட்டுச்செல்லும் சாம்பல் நிற உலோகக் கோடு கீறல் போலவே தோன்றும், துடைத்தால் போய்விடும். உண்மையான கீறல் பள்ளமாக நிற்கும். நகத்தை அதன் குறுக்கே நகர்த்தினால் தட்டும்.

மண் போல உதிரும் கட்டிகளில் இச்சோதனையை நம்ப வேண்டாம். துகள்கள் ஒன்றிலிருந்து ஒன்று பிரிவதை நாம் கீறலாக எடுத்துக்கொள்வோம். திசையைப் பொறுத்துக் கடினத்தன்மை மாறும் கனிமங்களும் உள்ளன. நீல நிறத் தகடுகளாகக் கிடைக்கும் கயனைட்டை அதன் நீளவாக்கில் கத்தியால் கீறிவிடலாம். குறுக்குவாக்கில் அதே கத்தி வழுக்கிச் செல்லும். இந்தப் பண்பே கயனைட்டை இனம் காணச் சிறந்த அடையாளம்.

படி 4: பிளவும் முறிவும்

என் அனுபவத்தில், தொடக்கநிலையினர் மிகவும் அலட்சியப்படுத்துவதும் மிகுந்த பயன் தருவதும் இந்தச் சோதனையே. அணு அமைப்பில் பிணைப்பு நலிந்த தளங்கள் இருந்தால், கனிமம் உடையும்போது அந்தத் தளங்கள் வழியாகத் தட்டையாகப் பிரியும், இதுவே பிளவு. பிணைப்பு எல்லாத் திசைகளிலும் ஏறக்குறைய சமமாக இருந்தால் ஒழுங்கற்று உடையும், அது முறிவு. 18ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் பிரெஞ்சு அறிஞர் ரெனே ஜுஸ்ட் ஆய், கைதவறி விழுந்து உடைந்த கால்சைட் படிகத்தின் துண்டுகள் எல்லாம் ஒரே சாய்சதுர வடிவில் இருப்பதைக் கண்டே படிகங்களின் உள்ளொழுங்கைப் பற்றிச் சிந்திக்கத் தொடங்கினார் என்று சொல்லப்படுகிறது. எந்த வெளிவடிவில் வளர்ந்த கால்சைட்டாக இருந்தாலும் உடைத்தால் அதே சாய்சதுரம் வருவதை நீங்களும் காணலாம்.

பிளவைக் காண ஒற்றை விளக்கின் கீழ் கல்லைப் பிடித்து, மணிக்கட்டை மெதுவாகத் திருப்புங்கள். ஒரு குறிப்பிட்ட கோணத்தில் பரப்பு முழுவதும் சட்டென்று மின்னி, சற்றே திருப்பினால் அணைந்துவிடும். அப்படி மின்னும் முகத்தை லென்ஸில் பார்த்தால், ஒன்றுக்கொன்று இணையான படிக்கட்டுகள் போல மெல்லிய தட்டுகள் அடுக்கி இருப்பது தெரியும். இந்தப் படிகள்தாம் பிளவுத் தளத்தின் சான்று. வளர்ந்த படிக முகமும் தட்டையாக மின்னும், ஆனால் அது வெளிப்பரப்பில் மட்டுமே இருக்கும், உடைந்த உட்பகுதியில் மீண்டும் மீண்டும் வராது. பிறகு எத்தனை வெவ்வேறு திசைகளில் இவ்வாறு மின்னுகிறது என்று எண்ணி, அவற்றுக்கு இடையிலான கோணத்தை மதிப்பிட வேண்டும். இணையான முகங்கள் எத்தனை இருந்தாலும் அவை ஒரே திசையாகவே கணக்கிடப்படும்.

காக்காய்ப்பொன் என்று நாம் அழைக்கும் மைக்காவில் ஒரே திசை. அதனால் ஏடு ஏடாக உரிகிறது, வளைத்து விட்டால் பழைய நிலைக்குத் திரும்புகிறது. ஃபெல்ட்ஸ்பாரில் ஏறத்தாழ 90 பாகையில் இரண்டு திசைகள். பாறை உப்பில் ஒன்றுக்கொன்று செங்குத்தான மூன்று திசைகள், ஆகவே கனசதுரங்கள். ஃபுளோரைட்டில் நான்கு திசைகள். மூலைகள் சாய்வாகப் பெயர்ந்து எண்முகி வடிவம் வரும். கரும்பச்சையாக, கடினத்தன்மையிலும் ஒத்திருக்கும் பைராக்சினையும் ஆம்பிபோலையும் பிரிக்க வேறு எளிய வழி அதிகமில்லை: பைராக்சினின் இரண்டு பிளவுகள் செங்கோணத்துக்கு மிக அருகில், ஆம்பிபோலினவை 56, 124 பாகைகளில் வெட்டிக்கொள்ளும். குவார்ட்ஸில் கண்ணுக்குத் தெரியும் பிளவே கிடையாது. உடைந்த கண்ணாடிப் புட்டியின் அடித்துண்டு போல, சிப்பியின் உட்புற வளைவுகளுடன் முறியும். கிரானைட்டில் குவார்ட்ஸையும் வெண்ணிற ஃபெல்ட்ஸ்பாரையும் பிரிக்க இதுவே வழி: திருப்பும்போது தட்டையாக மின்னி அணைவது ஃபெல்ட்ஸ்பார், எப்படித் திருப்பினாலும் வளைந்த ஈரப் பளபளப்பு மட்டும் காட்டுவது குவார்ட்ஸ்.

படி 5: ஒப்படர்த்தி

தராசின் மேல் நீர் நிறைந்த பாத்திரத்தை வைத்துச் சுழியாக்குங்கள். முன்பே உலர்நிலையில் எடை பார்த்த கல்லை நூலில் கட்டி, பாத்திரத்தின் அடியையோ பக்கத்தையோ தொடாமல், முழுவதும் மூழ்கும்படி கையில் பிடித்துத் தொங்கவிடுங்கள். அப்போது தராசு காட்டும் கிராம் அளவு, கல் விலக்கிய நீரின் எடை. கல்லின் எடையை அந்த எண்ணால் வகுத்தால் ஒப்படர்த்தி, அதாவது அதே பருமனுள்ள நீரைவிடக் கல் எத்தனை மடங்கு கனமானது என்பது, கிடைக்கும். காற்றுக் குமிழிகள் ஒட்டியிருந்தால் விடை குறைந்து வரும். பல கனிமங்கள் கலந்த துண்டில் இந்த எண்ணுக்குப் பொருள் இல்லை. குவார்ட்ஸ் 2.65, கால்சைட் 2.71, ஃபுளோரைட் 3.18, குருந்தம் 4.0, பைரைட் 5.0, கலீனா 7.5 என்ற மதிப்புகளை நினைவில் வைத்திருப்பது பெரிதும் உதவும்.

படி 6: தனி அடையாளங்கள்

சில கனிமங்களுக்கு ஒரே சோதனையில் வெளிப்படும் பண்புகள் உண்டு. மேக்னடைட் காந்தத்தை வலுவாக ஈர்க்கும். தெளிவான கால்சைட் துண்டை எழுத்தின் மேல் வைத்தால் ஒவ்வோர் எழுத்தும் இரண்டாகத் தெரியும். ஸ்ஃபாலரைட்டைத் தகட்டில் தேய்த்தால் அழுகிய முட்டை மணம் எழும். பிளேஜியோகிளேஸ் ஃபெல்ட்ஸ்பாரின் பிளவு முகத்தில், அளவுகோலால் வரைந்தது போல இணையான நுண்கோடுகள் லென்ஸில் தெரியும். ஆர்த்தோகிளேஸில் அவை இருக்காது.

அமிலச் சோதனையில் நீர்த்த அமிலம் ஒரு துளி போதும். கால்சைட் உடனே நுரைக்கும், டோலமைட் பொடியாக்கினால்தான் மெதுவாக நுரைக்கும், குவார்ட்ஸ் அசையாது. அமிலத்தை நீர்க்கச் செய்யும்போது அமிலத்தைத்தான் நீரில் ஊற்ற வேண்டும், நீரை அமிலத்தில் ஊற்றக் கூடாது. சல்ஃபைடுக் கனிமங்களின் மேல் அமிலம் பட்டால் நச்சு வாயு வெளிப்படலாம் என்பதால், உலோக மிளிர்வு உள்ள கற்களுக்கு இச்சோதனை வேண்டாம்.

நிறத்தையும் படிக வடிவத்தையும் இப்போது பார்க்கலாம். குருந்தத்தில் மிகச் சிறிதளவு குரோமியம் கலந்தால் மாணிக்கம், இரும்பும் டைட்டானியமும் கலந்தால் நீலம், கனிமம் ஒன்றுதான். அமைப்பில் இல்லாத கலப்பே நிறத்தைத் தீர்மானிப்பதால்தான் அதைக் கடைசியில் வைத்தேன். ஆனால் மாலகைட்டின் பச்சையும் அசுரைட்டின் நீலமும் அவற்றின் செம்பிலிருந்தே வருபவை, அவற்றை நம்பலாம். வடிவத்தில் கோணங்களைப் பாருங்கள், அளவைப் பார்க்க வேண்டாம். ஒரு குவார்ட்ஸ் படிகம் தடித்தோ மெலிந்தோ கோணலாகவோ வளர்ந்திருக்கலாம். அதன் பட்டகப் பக்கங்களுக்கு இடையிலான கோணம் 120 பாகையாகவே இருக்கும். இந்த மாறாக் கோண ஒழுங்கை நிக்கோலஸ் ஸ்டெனோ 1669இலேயே எடுத்துக்காட்டினார்.

ஒரு கல்லை முழுவதும் சோதித்துப் பார்ப்போம்

வெண்மையான, கண்ணாடி மிளிர்வுள்ள, உள்ளங்கை அளவுத் துண்டு ஒன்று. பார்த்தவுடன் கால்சைட் என்று சொல்லத் தோன்றும். நகம் கீறவில்லை, கத்தி எளிதாகக் கீறியது. குவார்ட்ஸும் ஃபெல்ட்ஸ்பாரும் நீங்கின. மூன்று திசைகளில் பிளவு, ஆனால் ஒரு திசை மற்ற இரண்டுக்கும் செங்குத்து. கால்சைட்டில் எந்தப் பிளவும் மற்றதற்குச் செங்குத்தாக இருப்பதில்லை. அமிலத்துளி அப்படியே நின்றது, பொடியிலும் நுரை இல்லை. கால்சைட்டும் டோலமைட்டும் நீங்கின. உலர் எடை 162 கிராம், விலக்கிய நீர் 36 கிராம், ஆகவே ஒப்படர்த்தி 4.5. அதற்கு அருகில் உள்ள விதரைட் 4.3, ஆனால் அது அமிலத்தில் நுரைக்கும், செலஸ்டைன் 4.0க்குச் சற்றுக் குறைவு, செருசைட் 6.5. மிஞ்சுவது ஒப்படர்த்தி ஏறத்தாழ 4.5 உள்ள பேரைட் (பேரியம் சல்ஃபேட்) மட்டுமே. அத்துண்டில் கலீனாவும் ஃபுளோரைட்டும் ஒட்டியிருந்தால் நம்பிக்கை இன்னும் கூடும். வெந்நீர்க் கரைசல்கள் பாறை வெடிப்புகளில் இவற்றை அடிக்கடி சேர்த்தே படியவைக்கின்றன. எந்தக் கனிமம் எதனுடன் சேர்ந்திருக்கிறது என்பதைக் கவனிப்பது நல்ல குறுக்குச் சோதனை: மக்னீசியம் மிகுந்த ஆலிவினும் குவார்ட்ஸும் ஒரே குழம்பில் சமநிலையில் சேர்ந்து உருவாவதில்லை, எனவே இரண்டையும் ஒரு துண்டில் கண்டதாகத் தோன்றினால் ஒன்றை மறுபடி சோதிக்க வேண்டும்.

இவ்வளவுக்கும் பிறகு இரண்டு பெயர்கள் மிஞ்சுவது இயல்பே. களிமண் கனிமங்களும் ஒரே குடும்பத்தின் நெருங்கிய உறுப்பினர்களும் கைச்சோதனைக்கு அடங்குவதில்லை. மாக்ஸ் ஃபான் லாவேயின் குழு 1912இல் படிகங்களில் எக்ஸ் கதிர்கள் சிதறுவதைக் காட்டிய பின்னரே அணு வரிசையை நேரடியாக அளக்கும் வழி பிறந்தது. ஐயத்துக்குரிய மாதிரியின் சிட்டிகைப் பொடியை எக்ஸ் கதிர் விளிம்பு விளைவு ஆய்வுக்குக் கொடுத்தால் பெரும்பாலும் தீர்வு கிடைக்கும். அதுவரை சீட்டில் இரண்டு பெயர்களையும் எழுதி, எந்தச் சோதனையில் என்ன விடை வந்தது, கல் எந்த இடத்தில், எந்தப் பாறையில், எந்தத் தேதியில் கிடைத்தது என்பதையும் குறித்து, கல்லுடனேயே பெட்டியில் வையுங்கள்.